‘ஆனா’வுக்கு அப்புறம்

அடி அண்ணாமலை
15.9.2025

அன்புத் தம்பி ராஜேந்திரனுக்கு அக்கா சரசு எழுதிக்கொண்டது. நீயும் நந்தினியும் ஓசூரில் சுகமாக இருப்பீர்கள். அம்மாவுக்கு இருமல் கம்மியாகியிருக்கிறது, சோறு இறங்குகிறது. முறைக்கு விசாரித்தாயிற்று. இனி சண்டைக்கு வருகிறேன்.

ஒரு வாரமாகப் போன் பண்ணுகிறாய், நான் எடுக்கவில்லை. இனியும் எடுக்க மாட்டேன். போனில் பேசினால் அதையும் பிடித்து வைத்து, உனக்கு வேண்டிய துண்டை மட்டும் வெட்டி ஊருக்கு அனுப்புவாய். காகிதத்தை வெட்டினால் வெட்டின இடம் தெரியும். அதனால்தான் டீக்கடையைப் பக்கத்து வீட்டு மணியம்மாளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் உன்னிடம் என்ன கேட்டேன்? ஞாயிற்றுக்கிழமை நான் பேசின நிகழ்ச்சி டிவியில் வருகிறது, உன் டிவியின் செட்டாப் பெட்டியில் பதிந்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, எனக்கு அனுப்பு என்று கேட்டேன். அன்றைக்குப் பௌர்ணமி. பௌர்ணமிக்கு நம்ம ஊரில் எந்த வீட்டில் டிவி ஓடும்? கிரிவலப் பாதையில் ஜனம் நடக்க ஆரம்பித்துவிட்டால் நண்டு சிண்டு வரைக்கும் எல்லாம் கடையில்தான் நிற்கும். ஊரில் ஒருத்தரும் பார்க்கவில்லை. நீ அனுப்புவதைத்தான் எல்லாரும் பார்க்கப் போகிறார்கள் என்று உனக்கு நல்லாவே தெரியும்.

அனுப்பினாய் பார், ஒரு துண்டு! ‘என் தம்பி தங்கமான புள்ளைங்க சார். அவன மாதிரி ஒருத்தன் பொறக்க எங்கம்மா குடுத்து வெச்சிருக்கணும்.’ அதோடு கைதட்டல். அதோடு முடிந்தது. பின்னால் புல்லாங்குழல் வேறு. என் மூஞ்சி மேல் ரோஜாப்பூ கொட்டுகிறது. அதை நமது சொந்தக்காரர் குரூப்பிலும் போட்டிருக்கிறாய். சித்தப்பா முதல் சந்திரம்மாள் பெரியம்மா வரை எல்லாரும் உனக்குக் கும்பிடு போட்டிருக்கிறார்கள்.

தங்கமான பிள்ளை என்று நான் சொன்னது வாஸ்தவம். நாலு பேர் முன்னால் தம்பியை எடுத்ததும் திட்டுவார்களா? ஆனால் அதற்கு அடுத்த வார்த்தை ‘ஆனா’. அந்த ‘ஆனா’வுக்கு அப்புறம் எவ்வளவு நேரம் பேசினேன்! அம்மா மூன்று வருஷமாகப் படுத்த படுக்கையாக இருக்கிறாள், நான் ஒருத்திதான் பார்க்கிறேன் என்று சொன்னேன். தையும் மாசியும், ரெண்டே மாசம், தம்பி அவளைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன். ஏன் என்பதையும் சொன்னேன். அது எல்லாம் எங்கே?

மணியம்மாள் நேற்று வந்து கேட்கிறாள்: “இன்னா சரசு, டிவியில போயி தம்பி பெருமைய அந்தப் பேச்சு பேசியிருக்க. எங்ககிட்ட மட்டும் அவன் எட்டியே பாக்கறதில்லன்னு சொல்லிக்கினு இருந்தியே?” நான் பொய்க்காரி ஆகிவிட்டேன் பார்.

முழுசையும் அனுப்பு.

உன் அக்கா,
சரசு

*

ஓசூர்
28.9.2025

பாசமுள்ள அக்காவுக்கு ராஜேந்திரன் எழுதுவது. நாங்கள் இருவரும் நல்ல சுகம். அம்மா, மாமா, நீ அனைவரும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். மாமா லாரியோடு எந்த ஊரில் இருக்கிறார்?

உன் கடிதம் பார்த்துச் சிரித்தேன். இந்தக் காலத்தில் தபால்! நந்தினி பிரிக்கவே பயந்து போனாள், கோர்ட்டு நோட்டீஸ் என்று நினைத்து.

அக்கா, டிவியில் பதிந்ததைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவருவது நீ நினைப்பது போல டீ ஆற்றுகிற வேலை இல்லை. பெட்டியில் பென் டிரைவ் சொருகி நிகழ்ச்சியைப் பதியலாம். ஆனால் அதே பென் டிரைவைக் கம்ப்யூட்டரில் சொருகினால் திறக்காது. கம்பெனிக்காரன் பூட்டித்தான் வைத்திருக்கிறான். அந்தப் பெட்டியில் மட்டும்தான் ஓடும். நான் ஒரு சின்னக் கருவி வாங்கி, பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் நடுவே ஒயர் கொடுத்து, நிகழ்ச்சியை முதலிலிருந்து ஓடவிட்டு, ஓட ஓடப் பிடித்தேன். பிடித்ததும் மலை மாதிரி பெரிய பைல். அப்படியே அனுப்பினால் வாட்ஸ்அப் வாங்காது. அதனால் சாரத்தை மட்டும் எடுத்துப் போட்டேன். இசையும் பூவும் அந்தச் செயலியிலேயே வருவது. நல்லாயிருக்கட்டுமே என்று சேர்த்தேன்.

உனக்குத் தெரியாது, எங்கள் தொழிற்சாலையில்கூட எல்லாரும் பார்த்துவிட்டார்கள். மேனேஜர் கூப்பிட்டுக் கை கொடுத்தார். உன்னால் எனக்கு மரியாதை. இதற்குப் போய்க் கோபப்படுகிறாயே.

அம்மாவை அழைத்து வருவது பற்றி எழுதியிருந்தாய். எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிப்ட் பாதி நாள் ஓடுவதில்லை. நந்தினி வேலைக்குப் போகிறாள், எனக்கு ஷிப்ட் மாறி மாறி வருகிறது. யோசிக்கலாம். கோபம் ஜாஸ்தி வேண்டாம், ரத்தக் கொதிப்பு வரும்.

என்றும் அன்புடன்,
ராஜேந்திரன்

*

அடி அண்ணாமலை
6.10.2025

தம்பிக்கு அக்கா எழுதுவது. எல்லாரும் சுகம். மாமா நாக்பூரில் லோடு இறக்கக் காத்திருக்கிறார். அம்மா நேற்றெல்லாம் ‘மழை வருது, துணியை எடு’ என்று கத்திக்கொண்டே இருந்தாள். வெயில் கொளுத்தியது.

சாரமாம், சாரம்! கரும்புச் சக்கையை அனுப்பிவிட்டுச் சாரம் என்கிறாய். கவிநிலாவின் அஞ்சாம் மாச வளைகாப்பு வீடியோவை நீதானே அரை மணி நேரத்துக்கு அனுப்பினாய்? என் மகள் கையில் யார் யார் வளையல் போட்டார்கள் என்பதை வாங்குகிற வாட்ஸ்அப், அவள் அம்மா பேசினதை மட்டும் வாங்காதா? என்னை என்ன கூமுட்டை என்று நினைத்தாயா?

நான் அந்த நிகழ்ச்சிக்கு ஆசைப்பட்டா போனேன்? டிவிக்காரப் பெண் ஒருத்தி கடைக்கு டீ குடிக்க வந்தாள். தண்ணீர் கேன் போடுகிறவனிடம் நான் போட்ட சண்டையைக் கேட்டுவிட்டு, “அக்கா, நீங்க எங்க நிகழ்ச்சிக்குக் கட்டாயம் வரணும். வயசானவங்களைப் பாத்துக்கறது மகனா மகளான்னு தலைப்பு” என்றாள். எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. நேரில் கேட்டால் நீ வாட்ச்சைப் பார்க்கிறாய், போனில் கேட்டால் ‘சிக்னல் இல்ல’ என்கிறாய். டிவியில் கேட்டால் கேட்டுத்தானே ஆக வேண்டும் என்று போனேன். அதற்கும் ஒரு கத்திரிக்கோல் வைத்திருப்பாய் என்று கனவா கண்டேன்?

அந்தச் சேனல்காரர்களும் யூடியூபில் ஒரு அம்மா மயக்கம் போட்டு விழுந்ததைத்தான் போட்டிருக்கிறார்கள். நான் விழவில்லை, அதனால் போடவில்லை.

ஏன் ரெண்டு மாசம் என்று அங்கே சொன்னேன். அதை இன்னொரு தடவை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. அந்த ஜனத்துக்கு முன்னால் எப்படியோ வந்துவிட்டது. உன் பெட்டியில் இருக்கிறது. போட்டுக் கேள். கேட்டுவிட்டுப் பதில் எழுது.

சரசு

*

ஓசூர்
18.10.2025

அக்காவுக்கும் மாமாவுக்கும் கவிநிலாவுக்கும் எங்கள் தீபாவளி வாழ்த்துகள். அம்மாவுக்கு ஒரு நைட்டி பார்சலில் அனுப்பியிருக்கிறேன், முன்பக்கம் பொத்தான் வைத்தது.

நீ கேட்டதற்காகப் பெட்டியை மறுபடி போட்டுப் பார்த்தேன். விஷயம் இதுதான். நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தபோது இங்கே கரண்ட் போய்விட்டது. பெட்டி அணைந்துவிட்டது. நீ என்னைப் பற்றிச் சொல்கிற இடம் வரைக்கும்தான் பதிந்திருக்கிறது. அதற்கு மேல் இல்லை. முன்பே சொல்லியிருக்கலாம், உன் மனசு கஷ்டப்படும் என்று சொல்லவில்லை. ஆகவே நீ பிறகு என்ன பேசினாய் என்று எனக்குத் தெரியாது. இதில் என் தவறு ஏதுமில்லை.

ஒரு நல்ல செய்தி. முதியோர் தினத்தன்று எங்கள் குடியிருப்பில் விழா வைத்தார்கள். செயலாளர் வல்லரசு சார் அந்த வீடியோவைத் திரையில் போட்டுக் காட்டி, எனக்குச் சால்வை போர்த்தினார். ‘பெற்றோரைப் பேணல்’ என்று பத்து நிமிடம் பேசினேன். போட்டோ குரூப்பில் இருக்கிறது, பார்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புத் தம்பி,
ராஜேந்திரன்

*

அடி அண்ணாமலை
30.10.2025

தம்பி ராஜேந்திரனுக்கு,

நைட்டி வந்தது. அளவு சரியாக இருக்கிறது. சால்வையையும் அனுப்பி வை, அம்மாவுக்குக் கீழே விரிக்கத் துணி பற்றவில்லை. பேணலைப் பற்றி நீ பேசினாயா! அந்த போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வாயில் வருவதை எழுதினால் தபால்காரருக்குப் பாவம்.

ஆனாலும் கரண்ட் போனதற்கு நீ என்ன செய்வாய். நீ கேட்கவே இல்லை என்றால் உன்மேல் இத்தனை நாள் எரிந்து விழுந்தது என் புத்திக் கோளாறு. கேட்காத பிள்ளையை என்ன சொல்வது? சரி, எழுதிவிடுகிறேன். நந்தினியிடம் வேண்டுமானால் சொல், மற்றவர்களிடம் வேண்டாம்.

ஆடியிலிருந்தே எனக்கு உதிரப்போக்கு. கடையில் நிற்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கு மணியம்மாள் கூட வந்தாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையில் கட்டி, எடுத்துவிட வேண்டும் என்றார்கள். பொங்கல் கழித்து நாள் கொடுத்திருக்கிறார்கள். டாக்டரம்மா நல்ல மாதிரி. “ரெண்டு மாசம் குடத்தைக்கூடத் தூக்கக் கூடாது” என்றார். நான், “எங்கம்மாவைத் தூக்கணுமே டாக்டர்” என்றேன். “வேற யாரும் இல்லையா?” என்று கேட்டார். தம்பி இருக்கான் என்று சொன்னேன்.

மாமாவைக் கேட்பாய். அவர் மாதத்தில் பாதி நாள் ரோட்டில். இருந்தாலும் மாமியாருக்கு மருமகன் துணி மாற்ற முடியுமா? கவிநிலாவுக்கு அதே தையில்தான் பிரசவம்.

இவ்வளவுதான் விஷயம். இதைத்தான் அங்கே சொன்னேன். ஒரு நடை வந்துவிட்டுப் போ. வேறு எதுவும் கேட்கவில்லை.

அக்கா

*

ஓசூர்
24.11.2025

மதிப்புக்குரிய அண்ணிக்கு நந்தினி வணக்கம். நீங்களும் அத்தையும் எப்படி இருக்கிறீர்கள்? நான் எழுதுவது உங்கள் தம்பிக்குத் தெரியாது.

நீங்கள் போன மாதம் எழுதிய கடிதத்தைத் தபால்காரர் என் கையில்தான் கொடுத்தார். பிரித்துப் படித்தேன். தவறாக இருந்தால் இருக்கட்டும். மூன்று வாரமாக அவர் பதில் எழுதுவார், எழுதுவார் என்று பார்த்தேன். “அண்ணிக்கு என்ன எழுதினீங்க?” என்று கேட்டால், “அவ எப்பவும் அப்படித்தான்” என்கிறார். இனி என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

முதலில் என் கோபம். நீங்கள் அந்த நிகழ்ச்சியில் சொன்னீர்கள், ‘மருமவ கையால எங்கம்மா ஒரு டம்ளர் தண்ணி குடிச்சதில்ல’ என்று. உங்களுக்கு எப்படி அண்ணி மனசு வந்தது? அத்தைக்கு இடுப்பு உடைந்து முதல் எட்டு மாதம் எங்கள் வீட்டில் இருந்தார்களே, பெட்பேன் எடுத்தது யார்? உங்கள் தம்பியா? நான் வேலையை விட்டேன், அப்புறம் இன்னொரு வேலை கிடைக்க நாய் படாத பாடு பட்டேன். எல்லாம் உங்களுக்குத் தெரியும். எங்கள் அம்மா வீட்டில் அந்த நிகழ்ச்சியை முழுசாகப் பார்த்தார்கள். “உன் நாத்தனார் இப்படிச் சொல்லுதே” என்று அப்பா போனில் கேட்டபோது எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

ஆமாம், அந்த வரியை வெட்டச் சொன்னது நான்தான். இன்னொரு தடவை கேட்டாலும் வெட்டத்தான் சொல்வேன். ஆனால் அந்த ஒரு வரியைத்தான் சொன்னேன்.

இங்கே கரண்டும் போகவில்லை, ஒன்றும் போகவில்லை. நிகழ்ச்சி முழுசாகப் பதிந்திருக்கிறது, லேப்டாப்பிலும் முழுசாக ஏறியிருக்கிறது. அவர் அதை வெட்டின சாயங்காலம் நான் சமையலறையில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து உங்கள் குரல் கேட்டது. ‘கர்ப்பப்பைய எடுக்கணும்னு சொல்லிட்டாங்க சார், நான் படுத்துட்டா எங்கம்மாவ யாரு சார் பாப்பாங்க?’ கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே. மறுபடி அதே. அக்கா பேசினதைக் கேட்டு அழுகிறாராக்கும் என்று, மாவுக் கையோடு போய் அவர் பக்கத்தில் நின்றேன். அவர் அழவில்லை. நீங்கள் மூச்சே விடாமல் பேசியிருக்கிறீர்கள். ‘தங்கமான புள்ளை’க்கு அப்புறம் ‘ஆனா’ ஒட்டிக்கொண்டே வருகிறது. எந்த இடத்தில் கத்தரி வைத்தால் தெரியாது என்று ஓட்டி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அன்றைக்கே கேட்டேன், “இதுக்கு என்ன செய்யப் போறீங்க?” என்று. “பாத்துக்கலாம்” என்றார். தெரிந்துகொண்டே தெரியாது என்று எழுதி, உங்களை உங்கள் வாயால் மறுபடி சொல்ல வைத்தாரே, அதைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

முழு வீடியோவையும் துண்டு துண்டாக உங்கள் நம்பருக்கு அனுப்பியிருக்கிறேன். வரிசையாகப் போட்டுப் பாருங்கள். என்னைப் பற்றிச் சொன்னதும் அதில் இருக்கிறது. நான் எதையும் வெட்டவில்லை.

நந்தினி

*

அடி அண்ணாமலை
6.12.2025

நந்தினிக்கு,

சௌக்கியமா என்று கேட்கவே எனக்குக் கூசுகிறது. தீபக் கூட்டத்தில் கடையை விட்டு நகர முடியவில்லை, அதனால்தான் பதில் தாமதம். சாக்கு இல்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

எல்லாத் துண்டையும் பார்த்தேன். தண்ணி டம்ளர் விஷயம் பச்சைப் பொய். முகத்துக்கு நேரே அவ்வளவு வெளிச்சம், எதைச் சொன்னாலும் கை தட்டுகிறார்கள். தட்டத் தட்ட எனக்கு வாய் ஓடிவிட்டது. பக்கத்தில் ஒருத்தி மருமகளைப் பற்றிச் சொல்லி ஜாஸ்தி கைதட்டல் வாங்கினாள், நானும் ஒன்றை எடுத்து விட்டேன். அவ்வளவுதான். எட்டு மாதம் நீ பார்த்தது எனக்கு மறக்கவில்லை. என் தம்பி மேல் இருந்த கோபத்தை உன் தலையில் கொட்டினேன். உன் அப்பாவிடம் நானே பேசுகிறேன், நம்பர் அனுப்பு.

நீ அந்த வரியை வெட்டாமல் அனுப்பினாய் பார், நான் வெட்கிப் போனேன். நானும் அதை வெட்டப் போவதில்லை. முழுசையும் குரூப்பில் போடுகிறேன். போட்டுவிட்டு அதன் கீழேயே என் குரலில் சொல்கிறேன், இந்த ஒரு பேச்சு பொய், நந்தினி பார்த்தாள் என்று. நாலு பேர் சிரித்தால் சிரிக்கட்டும்.

உனக்கு வேலை போகக் கூடாது. எதற்கும் நீ முன்னால் வந்து நிற்காதே.

அண்ணி

*

அடி அண்ணாமலை
8.12.2025

ராஜேந்திரா,

சுகம் விசாரிக்கவில்லை.

வெட்ட வேண்டுமென்றால் முதலில் கேட்டிருக்க வேண்டும். எவன் கேட்காவிட்டாலும் வெட்டினவன் கேட்டிருப்பான். ஒரு தடவை இல்லை, பல தடவை. நான் பெற்ற மகள்கூட நான் பேசினதை ஒரு தடவைதான் கேட்டாள், கேட்டு அழுதாள். உலகத்திலேயே அந்தப் பேச்சை அதிகம் கேட்டவன் நீதானடா! கேட்டுவிட்டு, கரண்ட் போயிற்று என்று எழுத உனக்குக் கை எப்படி வந்தது?

முதல் கடிதத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ‘ரெண்டு மாசம் அம்மாவை வைத்துக்கொள்’ என்று எழுதினேன். வேறு யாராக இருந்தாலும், ‘எதுக்கு ரெண்டு மாசம்?’ என்று கேட்டிருப்பார்கள். நீ மாடியைச் சொன்னாய், லிப்டைச் சொன்னாய், எதுக்கு என்று மட்டும் கேட்கவில்லை. தெரிந்தவன் எதற்குக் கேட்பான்?

அதிலும் என்னை நம்ப வைத்தாய். உன்மேல் சந்தேகப்பட்டோமே என்று நான் ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. வெட்கக்கேடு.

முழுசையும் நேற்று குரூப்பில் போட்டுவிட்டேன். என் பொய்யும் அதில் இருக்கிறது, உன் பொய்யும் அதில் இருக்கிறது. என்னுடையதை நானே சொல்லிவிட்டேன். உன்னுடையதை நீ சொல்லிக்கொள்.

நீ வராவிட்டால் நான் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன். மிரட்டவில்லை. அம்மாவை யாரிடம் விட்டுவிட்டுப் போவது?

சரசு

*

ஓசூர்
21.12.2025

அக்கா,

கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டேன்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கிழித்துக் கிழித்துப் போட்டேன். குரூப்பில் யாரும் என்னைத் திட்டவில்லை. ஒருத்தரும் ஒன்றுமே எழுதவில்லை. அதற்குத் திட்டியிருக்கலாம். வல்லரசு சார் படிக்கட்டில் பார்த்து, “அம்மா எப்போ வர்றாங்க?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

பெருமைக்காகத்தான் வெட்டினேன் என்று நீ நினைப்பாய். சால்வை வாங்கினபோது பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் வெட்டினது அதற்காக இல்லை. ஆபரேஷனைப் பற்றி நீ சொன்னதும் எனக்கு உன்னை நினைத்து ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் அம்மாவை நினைத்து. எட்டு மாதம் அம்மா இங்கே இருந்தபோது நந்தினி கதவைச் சாத்திக்கொண்டு எல்லாம் செய்தாள். நான் வெளியே பேப்பர் படித்தேன். ஒரு நாள் அவள் இல்லாதபோது அம்மா கூப்பிட்டாள். போனேன். புடவை எல்லாம் நனைந்திருந்தது. எனக்குக் கை வரவில்லை அக்கா. பெற்ற அம்மாவை அப்படிப் பார்க்கக் கூசிப்போய், நந்தினி வருகிறவரை அப்படியே விட்டுவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். அடுத்த மாதம்தான் உன் வீட்டுக்கு அனுப்பி வைத்தேன். இங்கே குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன்.

கேட்டதாக ஒத்துக்கொண்டால் அழைத்துவர வேண்டும். அழைத்துவந்தால் தொட வேண்டும். அதற்காகத்தான் வெட்டினேன். இதைவிட மட்டமான காரணம் இல்லை, எனக்கே தெரிகிறது.

நந்தினி சொல்லிவிட்டாள். “சமைச்சு வெக்கறேன், மாத்திரை குடுக்கறேன். குளிப்பாட்டறது, துணி மாத்தறது நீங்கதான். தங்கமான புள்ளன்னு டிவியில பேரு வாங்கினது நான் இல்ல.” ஆள் வைக்கலாமா என்று கேட்டேன், முறைத்தாள். ரெண்டு மாதத்துக்கு ராத்திரி ஷிப்ட் கேட்டு வாங்கிவிட்டேன். அவள் வேலைக்குப் போகிற நேரத்தில் நான் வீட்டில் இருப்பேன்.

காணும் பொங்கலுக்கு மறுநாள் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். மூன்று மாடியும் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன். நீ ஆஸ்பத்திரிக்குப் போ.

எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுது. எனக்கு ஒன்றும் தெரியாது.

ராஜேந்திரன்

*

அடி அண்ணாமலை
3.1.2026

ராஜேந்திரனுக்கு அக்கா எழுதுவது. நீயும் நந்தினியும் சுகமா? இங்கே பனி ஜாஸ்தி, அம்மாவுக்குச் சளி பிடிக்காமல் இருக்கிறது. கவிநிலா மூச்சு வாங்கிக்கொண்டு நடக்கிறாள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன்னை அடிக்க வேண்டும் போலிருந்தது. இன்னும் இருக்கிறது. நனைந்த துணியோடு அவளை விட்டுவிட்டு மாடிக்குப் போனேன் என்கிறாயே, எவ்வளவு நேரம் கிடந்தாளோ.

கூச்சமாம். எனக்கு மட்டும் கூச்சம் இல்லை என்று உனக்கு எவன் சொன்னான்? பெண் பிள்ளை என்றால் கூச்சத்தைக் கழற்றி வைத்துவிட்டா பிறக்கிறோம்? முதல் நாள் நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் செய்தேன். தண்ணீர் அம்மா மூக்கில் போய்ப் புரை ஏறிவிட்டது. அதனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு செய்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். உன் முழங்கையில் ஊற்றிப் பார், விரலில் பார்த்தால் தெரியாது. முகத்திலிருந்து ஆரம்பிக்காதே, பயந்துகொள்வாள். கால்பாதத்தில் ஊற்றிவிட்டு மெல்ல மேலே வா. இடது இடுப்பை அழுத்தாதே. புரட்டும்போது தோளையும் முட்டியையும் சேர்த்துப் பிடி, கையை மட்டும் பிடித்து இழுக்காதே. முதுகைத் துடைத்து நல்லாக் காய்ந்த பிறகு பவுடர் போடு. ஈரத்தில் போட்டால் புண் வரும். ஒரு பழந்துணியை மேலே போர்த்திக்கொண்டே கீழே கழுவலாம், அவளுக்கும் மானம் இருக்கிறது. நைட்டியை முன்னாலிருந்து மாட்டு. நீ வாங்கிக் கொடுத்ததிலேயே அதுதான் உருப்படி.

சோற்றைக் கையால் நல்லாப் பிசைந்து கொடு. ஸ்பூனைக் கண்டால் வாயைத் திறக்க மாட்டாள். முழுங்கிவிட்டாளா என்று பார்த்துவிட்டு அடுத்த வாய்.

திட்டுவாள். கெட்ட வார்த்தை எல்லாம் வரும், நந்தினியிடம் வாசல் கதவைச் சாத்தச் சொல். சில நாள் உன் கையைக் கடிக்கப் பார்ப்பாள். திருப்பித் திட்டாதே. நான் திட்டியிருக்கிறேன், அப்புறம் அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்காது, அவளுக்கும் எனக்கும்.

துணிமணி, மாத்திரை எல்லாம் ஒரு பையில் கட்டி வைக்கிறேன். நீ வா. நேரில் நான் முகம் கொடுத்துப் பேச மாட்டேன், எதிர்பார்க்காதே. என் ஆபரேஷன் முடிந்ததும் மாமா உனக்குச் சொல்வார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அவளுக்கு இப்போது ஆள் அடையாளம் தெரிவதில்லை. உன்னைப் பார்த்து யார் என்று கேட்பாள், எந்த ஊர் என்று கேட்பாள். அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளாதே. ஆனால் நீ தண்ணீர் ஊற்றித் துடைக்க ஆரம்பித்ததும், கையைப் பிடித்துக்கொண்டு ‘சரசு’ என்று கூப்பிடுவாள். மேலே கை வைத்துச் செய்கிறவர் யாராக இருந்தாலும் அவளுக்குச் சரசுதான், மணியம்மாளையும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். ‘நான் ராஜேந்திரன்மா’ என்று திருத்தாதே. திருத்தினால் ஆம்பளை என்று பயந்து கையை இழுத்துக்கொள்வாள். “இன்னாம்மா” என்று மட்டும் கேள்.

அக்கா,
சரசு